கூறைப்புடவை ரவிக்கையை யார் தைப்பது

சரோஜா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதே. கையில் ஊசி இருந்தால் எங்கேயாவது குத்தி வைத்துவிட்டு உட்கார். நான் கடிதம் எழுதுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ கோலாலம்பூருக்குப் போனதிலிருந்து வீட்டிலிருந்து உனக்கு வந்ததெல்லாம் உன் அப்பா எழுதியவை. கடைசி வரியில் 'அம்மா நலம்' என்று அவராகவே சேர்த்துவிடுவார். நலமா என்று என்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இன்று அவர் தண்ணீர் இலாகா வேலைக்குக் கிளம்பியதும், தையல் மெஷினை மடக்கி மூடிவிட்டு, அதன் பலகைமேல் தாளை வைத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் நீ இரண்டு வார்த்தை பேசுவாய், நான் நாலு வார்த்தை பேசுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். நீ குறுக்கே பேச முடியாத இடத்தில் வைத்துச் சொல்வதுதான் எனக்கு வசதி.

எனக்கு உன்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிட்டேன். பெற்றவளுக்குப் பிள்ளைமேல் பொறாமை வருமா என்று நீ கேட்கலாம். உன் அப்பா கேட்டேவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பி குடித்துக்கொண்டே, "சரோஜா கடைக்குப் பொம்பளைங்க கார்ல வந்து எறங்குறாங்களாம்" என்று பெருமையாக ஆரம்பித்தார். நான் கையிலிருந்த குவளையை டொக்கென்று மேசையில் வைத்தேன். "என்னாடி, பெத்த மவ மேலயேவா?" என்றார். "வெளியாளா இருந்தா நாலு திட்டு திட்டிட்டு என் வேலயப் பாத்திருப்பேன் லா. பெத்துத் தொலைச்சதாலதான் வாய மூடிக்கிட்டு இருக்கேன்" என்றேன். "நீயா? வாய மூடிக்கிட்டா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கோப்பி புரையேறியது. நான் முதுகில் தட்டிவிடவில்லை.

நான் இந்தக் காஜா பேராங் வட்டாரத்தில் எத்தனை வருடமாகத் தைக்கிறேன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ பிறக்கும் முன்பே மெஷின் இந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பள்ளிச் சீருடை, பாவாடை, தலையணை உறை, எல்லாம் தைத்தாலும் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கல்யாண ரவிக்கைதான். நம் ஆட்களுக்குள் ஒரு பழக்கம் உண்டல்லவா. மாப்பிள்ளை வீட்டார் கூறைப்புடவையைக் கொடுத்துவிடுவார்கள், ரவிக்கை தைப்பது பெண் வீட்டார் பொறுப்பு. பெண் கூறை உடுத்தி மணவறைக்கு வந்து உட்கார்ந்ததும், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டே பெண்கள் ஒருவர் காதை ஒருவர் கடிப்பார்கள். "ரவிக்க யாரு தைச்சது?" என்று யாராவது கேட்பாள். "வேற யாரு, நம்ம தையக்காரக்காதான்" என்று யாராவது சொல்வாள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் என்னை அழைத்த கல்யாணத்துக்கெல்லாம் முதல் ஆளாகப் போய், தூணோரமாகப் பார்த்து உட்காருவேன். என் பெயர் என்னவென்று இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, உன்னை 'மிஸ் சரோஜா' என்று கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்படும்வரைக்கும்.

நீ மெஷினை வெறுத்தாய். சின்ன வயதில் உன்னை அதன் முன்னால் உட்கார வைத்தால், பெடலில் காலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாய். "அது என்னைய விடப் பெரிய சத்தம் போடுது, எனக்கு யோசிக்க முடியல" என்றாய். தைப்பதற்கு யோசனை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நேராகப் போ, மூலை வந்தால் திருப்பு, அவ்வளவுதானே. நீ ஊசியும் நூலுமாக வாசற்படியில் உட்கார்ந்து, நான் ஒரு பாவாடை முடிக்கும் நேரத்தில் ஒரு சாண் ஓரம் மடித்திருப்பாய். நான் அதைப் பிடுங்கிப் பார்ப்பேன். தையல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று தேட வேண்டியிருக்கும். அப்போது எனக்கு வந்ததைக் கோபம் என்றுதான் நினைத்தேன். "இந்த வேகத்துல தைச்சா பொண்ணு கல்யாணத்துக்குக் கேட்ட ரவிக்கய அவ பேத்தி கல்யாணத்துக்குத்தான் குடுப்ப" என்று திட்டினேன். இன்றைக்கு யோசித்தால் அது கோபமில்லை. கையில் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு எவளும் சும்மா கோபப்பட மாட்டாள்.

பிறகு, நீ அம்மா முறை வைத்து 'மாக்' என்று கூப்பிட்ட மாக் செல்லம்மா வீட்டு விவகாரம். பக்கத்துத் தெருவில் செட்டி ஆட்கள் வீட்டில் நீ பழியாய்க் கிடந்தாய். அவர்கள் கோவிலில் நம்மைப் போலவே கும்பிடுவார்கள், பெயரும் நம் பெயர்தான், பேசுவது மட்டும் மலாய்; அந்த அம்மாளுக்கு 'வா, போ'வுக்கு மேல் தமிழ் வராது. உனக்கும் அவளுக்கும் என்ன பேச்சு என்று ஒரு நாள் பார்க்க வந்தேன். பேச்சே இல்லை. அவள் அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறாள், நீ அவளுடைய பழைய கெபாயா சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்து உள்பக்கம் வெளியே புரட்டி வைத்து, தையலை மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். என்னைக் கண்டதும் அவள் திருவுவதை நிறுத்திவிட்டு, "லு புன்யா அனாக் மாத்தா தாஜாம்" என்றாள். உன் மகளுக்குக் கண் கூர்மை என்கிறாள். என் வீட்டில் மூட்டை மூட்டையாகத் துணி கிடக்க, இன்னொருத்தி வீட்டுக் கொடியில் நீ என்ன தேடுகிறாய் என்று எனக்கு வயிறு எரிந்தது. அவள் உனக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. நீயாகப் பார்த்தாய், நீயாகத் தலையணை உறையில் போட்டுப் பார்த்துக் கெடுத்தாய், நீயாகவே கற்றுக்கொண்டாய். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. என்னிடம் கற்றாய் என்றாவது சொல்லிக்கொள்ளலாமே.

அந்தக் கெபாயா ஒன்றில் நீ கண்டுபிடித்ததுதான் பிற்பாடு உனக்குப் பிழைப்பாகிவிட்டது. இரண்டு துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று தொடவிடாமல், நடுவே விரல் அகலத்துக்கு இடம் விட்டு, அந்த இடத்தை நூலாலேயே வலைபோலப் பின்னி இணைப்பது. எனக்கு முதன்முதலாகக் காட்டியபோது என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "துணி பத்தாமப் போனவதான் இப்படி ஓட்ட விட்டுத் தைப்பா" என்றேன். நீ அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாய். அதற்கப்புறம் உன் வேலை எதையும் நீயாக எடுத்து வந்து என்னிடம் காட்டியதில்லை. நானும் கேட்கவில்லை. நீ குளிக்கப் போகும்போது உன் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்வேன்.

படிப்பு முடிந்ததும் பண்டார் ஹிலிரில் வெள்ளைக்காரிகளுக்கு கவுன் தைக்கும் கடைக்கு வேலைக்குப் போனாய். அதை நான்தான் சந்தோஷமாக அனுப்பி வைத்தேன், இன்னொருவருக்குக் கீழே இருந்தால் திமிர் அடங்கும் என்று. கடைக்காரத் தௌக்கே படப் புத்தகத்தைத் திறந்து காட்டி அதே மாதிரி தைக்கச் சொல்வான், நீ காலர் இப்படி வேண்டாம் என்பாய். ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாய். "ஏன்டி, வெரட்டிட்டானா?" என்றேன். "இல்லம்மா, நானா வந்துட்டேன். அங்க எல்லாருக்கும் ஒரே சட்டையா இருக்கு. ஆளு மட்டும் மாறுது" என்றாய். ஆள் மாறினால் சட்டையும் மாற வேண்டும் என்று நினைக்கிறவளை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பயந்தேன். வெளியே, "நல்ல வேலய விட்டுட்டு வந்து நிக்கிறா பாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். முன் அறையில் ஒரு பாயை விரித்து நீ சொந்தமாகத் தைக்க ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

ஒரே வீடு, ஒரே வாசல். வருகிறவர்கள் என்னிடம் வருகிறார்களா உன்னிடம் வருகிறார்களா என்று அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும். என்னிடம் வருகிறவர்கள் அவசரமாக வருவார்கள். உன்னிடம் வருகிறவர்கள் தயங்கித் தயங்கி, ஏதோ டாக்டரிடம் வருவதுபோல வருவார்கள். நீ அவர்களை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருப்பாய். கையை எப்படித் தூக்குவாள், பையை எந்தத் தோளில் மாட்டுவாள், குனிந்து கூட்டுகிற வேலையா, உட்கார்ந்து எழுதுகிற வேலையா என்றெல்லாம் கேட்பாய். இதென்ன தையலா, பெண் பார்க்கும் படலமா என்று நான் மெஷினை வேண்டுமென்றே சத்தமாக மிதிப்பேன். ஆனால் காதை அங்கேதான் வைத்திருப்பேன். என்னிடம் அத்தனை வருடமாக வந்துகொண்டிருந்தவர்களின் வலது தோள் வலிக்கும் கதையெல்லாம் உன் பாயில் உட்கார்ந்து அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

ஞானம் டீச்சரை நீ என்னிடமிருந்து பிடித்துக்கொண்டதை மட்டும் நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் என் ரவிக்கையைத் தவிர வேறு போட்டதில்லை. சுதந்திரம் எப்போது என்று சொல்லப் போகிறார்கள், பண்டார் ஹிலிர் திடலுக்கு எல்லோரும் வாருங்கள் என்று ஊரே பரபரத்தபோது, அன்றைக்குப் போட வெள்ளை ரவிக்கை வேண்டுமென்று டீச்சர் வந்தார். நான் டேப்பைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் சங்கடமாகச் சிரித்துக்கொண்டே, "அக்கா, கோவிச்சுக்காதீங்க, இந்த ஒரு தடவ சரோஜா தைக்கட்டுமே" என்றார். "தாராளமா" என்றேன். அந்தத் 'தாராளமா' என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. அன்று திடலில் எத்தனை கூட்டம்! உன் அப்பா கழுத்தை நீட்டி மேடையைப் பார்க்கிறார், "மெர்டேக்கா, மெர்டேக்கா" என்று தொண்டை கிழியக் கத்துகிறார், கண்ணில் தண்ணீர். நான் எங்களுக்கு முன்னால் நின்ற டீச்சரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுத்தண்டு நெடுக, வெள்ளைத் துணியை இரண்டாகப் பிரித்து, நடுவே வெள்ளை நூலால் பின்னியிருந்தாய். அவர் கையைத் தூக்கி முழக்கமிடும்போதெல்லாம் அந்தப் பின்னல் கொஞ்சம் விரிந்து கொடுத்து மறுபடி கூடியது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. நாடு சுதந்திரம் வாங்குகிறது, நான் ஒரு ரவிக்கையைப் பார்த்துப் பொருமிக்கொண்டு நிற்கிறேன். என்னைச் சுற்றி நின்ற பெண்களும் மேடையை விட்டு அதைத்தான் பார்த்தார்கள் என்பது என் நினைப்பு. அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ அறிந்ததுதான். கிளேபாங்கிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். கோலாலம்பூரில் புதிதாக வந்த அதிகாரிகளின் மனைவிமார் கேட்கிறார்கள் என்று யாரோ சொல்ல, நீ ஒரு மாடி அறையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். பஸ் ஏறும்போது காலில் விழுந்தாய். "நல்லாயிரு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன், சரோஜா. நான் சொல்லும் பொறாமை நீ கெட்டுப்போக வேண்டும் என்கிற பொறாமை இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், ஆனால் எனக்கு ஒரு படி கீழே நின்று நன்றாக இருக்க வேண்டும். அந்த மாதிரி. அதைத் திருத்திக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, இந்த வயதில் முயற்சி செய்யவும் போவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மாள் தட்டில் கூறையை வைத்துக் கொடுத்தார்களே, நல்ல அரக்கு நிறம், அகலக் கரை, ஊருக்குக் கப்பலில் போயிருந்தபோது தானே நின்று பார்த்து எடுத்தது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்களே. முந்தானைக்கு எதிர் முனையில் ரவிக்கைத் துண்டும் சேர்த்தே நெய்திருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். 'அம்மா, நீதான் தைக்கணும்' என்று ஒரு வார்த்தை. அதற்குள் அந்த அம்மாள், "ரவிக்கைக்கு என்னா கவல, பொண்ணே பெரிய தையக்காரி. ஆபீசர் வூட்டுப் பொம்பளைங்களே அது வாசல்ல நிக்கிறாங்க. அதுவே தைச்சுக்கும் லா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "அத அப்பறம் பாத்துக்கலாம்மா" என்றாய். என் முகத்தில் ஈயாடவில்லை. பந்தியில் நான் எதைப் பரிமாறினேன் என்றுகூட நினைவில்லை. ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் தைத்தேன், என் வீட்டுப் பெண்ணுக்கு நான் வேண்டாம். மணவறையில் நீ உட்கார்ந்ததும் அவளவள் கேட்பாள், "ரவிக்க யாரு தைச்சது?" என்று. பதிலை நான் தூணோரம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இடையில் ஒன்று சொல்லி வைக்கிறேன், பிறகு மறந்துவிடுவேன். சம்பந்தியம்மாளுக்கு மட்டும் ரவிக்கை தைத்துக் கொடுக்காதே. எத்தனை கெஞ்சினாலும் கொடுக்காதே. ஒரு பெண்ணின் இடுப்பளவு உனக்குத் தெரியும் என்பதை அவள் மறக்கவே மாட்டாள். மாமியாராக இருந்தால் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளையின் சட்டைக்கு முதல் பட்டனையும் நீ தைக்காதே. தைத்துவிட்டால் கடைசி வரைக்கும் உன்னிடம்தான் நீட்டுவார். உன் அப்பாவைப் பார், தையற்காரியைக் கட்டிக்கொண்டு இன்றைக்கு வரைக்கும் ஊசியின் எந்தப் பக்கம் குத்தும் என்று தெரியாத மனிதர். மற்றபடி அந்தப் பையன் நல்ல பையனாகத்தான் தெரிகிறார்.

நீ கோலாலம்பூருக்குத் திரும்பிப் போய் மூன்று வாரம் நான் அந்தச் சேலையை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தேன். நீ வந்து எடுத்துப் போவாய், அல்லது அனுப்பச் சொல்வாய் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் கதவைச் சாத்திவிட்டு, சேலையை எடுத்து விரித்து, ரவிக்கைத் துண்டைச் சேலையிலிருந்து வெட்டி எடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தத் துண்டை மடித்துப் போட்டு, சாக்கட்டியால் கோடு போட்டு, முதுகு, முன்பக்கம், கை என்று எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். நீ கேட்காவிட்டால் என்ன, வெட்டியாகிவிட்டால் என்ன செய்வாய்? வெட்டிய துணியைத் தைத்துத்தானே ஆக வேண்டும். என் கைதான் உன் முதுகில் இருக்க வேண்டும் என்று ஒரு வெறி. கத்தரிக்கோல் ஓடும்போது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அளவுக்கு நான் என்ன செய்தேன் என்று நீ இந்நேரம் கேட்டிருப்பாய். அலமாரியில் உன் ரவிக்கை ஒன்று கிடந்தது. நீ பண்டார் ஹிலிர் கடைக்கு வேலைக்குப் போனபோது நான் தைத்துக் கொடுத்த பச்சை ரவிக்கை. அதற்கப்புறம் நீ என் தையலைப் போட்டதில்லை, ஆகவே அதற்கப்புறம் உன் அளவு என்னிடம் இல்லை. ஊரில் யாருக்கு எந்தப் பிள்ளைக்குப் பிறகு எத்தனை விரல் கூடியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் மகளின் மார்பளவு எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல், பச்சை ரவிக்கையைத் துணிமேல் வைத்து வெட்டினேன். அதிலும் ஒரு கிறுக்குத்தனம் பண்ணினேன். நான் எப்போதும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் வெட்டுவேன், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ள. நீ அப்படி விடமாட்டாய், உன் சட்டைகளில் உள்ளே ஒரு நூல்கூட உபரியாக இருக்காது. உன்னைப்போல எனக்கும் வரும் என்று காட்ட வேண்டும் என்று, அன்றைக்குப் பார்த்து, தையலுக்கு மட்டும் விட்டு ஒட்ட வெட்டினேன்.

மறுநாள் பஸ் கண்டக்டர் முனியாண்டி வந்தார். கோலாலம்பூரிலிருந்து நீ கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் உள்ளே நீ தைத்துப் போட்டிருந்த ரவிக்கை ஒன்று. "சரோஜா குடுத்துச்சுக்கா. கூறைக்கு அம்மாதான் தைக்கணுமாம், இது அளவாம். அன்னைக்கே கேக்கணும்னு இருந்துச்சாம், அத்தன பேரு முன்னால கேட்டு நீங்க மொறச்சிட்டீங்கன்னா என்னா பண்றதுன்னு பயந்துருச்சாம்" என்றார். அவர் தண்ணீர் கேட்டார், கோப்பியே போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவர் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் நான் செய்ததைக் கேள். முதலில் உன் ரவிக்கையை, வெட்டிய துண்டுகள்மேல் வைத்துப் பார்க்கவில்லை. உள்பக்கம் வெளியே திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றாவது கிடைக்குமா என்றுதான். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் துண்டுகள்மேல் வைத்தேன். சுற்றளவில் நாலு விரல் குறைகிறது, சரோஜா. நீ வளர்ந்திருக்கிறாய். பிரித்துவிட உள்ளே துணி இல்லை. வேறு துணி ஒட்டுப்போடலாம் என்றால் அந்த அரக்குக்குப் பொருத்தம் கிடைக்காது, சம்பந்தியம்மாளின் கண்ணுக்கு அது தப்பவும் தப்பாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. உன் அப்பாவிடம் சொல்லப் பிடிக்கவில்லை. துண்டுகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மாக் செல்லம்மா வீட்டுக்குப் போனேன். அவள் எல்லாவற்றையும் பாயில் பரப்பிப் பார்த்துவிட்டு, "சுடா போத்தோங், அப்பா போலே புவாட்" என்றாள். வெட்டியாகிவிட்டது, இனி என்ன பண்ண முடியும் என்று. சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தன் பழைய கெபாயாவை எடுத்து வந்து, பின்னல் மேலே தெரியும்படி என் மடியில் போட்டாள். இப்படிப் பின்னு என்று வாயால் சொல்லியிருந்தால் அவளோடு சண்டை போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பழைய துணியில் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு விரல், முன்னால் ஊக்கு வரும் பட்டிக்கு இரண்டு புறமும் ஒரு விரல் என்று இடம் விட்டு நூலால் பின்னினால் நாலு விரல் சரியாகக் கூடிவிடும். அடியில் அதே நிறத்தில் மெல்லிய துணி கொடுத்தால் உடம்பு தெரியாது. கணக்கு எனக்குச் சரியாக வருகிறது, கை வரவில்லை. மூன்று நாளாக முயன்றேன். என் பின்னல் ஒரு இடத்தில் இறுகுகிறது, ஒரு இடத்தில் தொங்குகிறது. இதை ரவிக்கையில் போட்டால் நான் இத்தனை வருடம் சம்பாதித்த பெயர் உன் கல்யாணத்தன்றே போய்விடும். நீ எனக்குக் கொடுத்த வேலையை நானே கெடுத்துக்கொண்டு, இப்போது உன்னிடமே திருப்பிக் கொடுக்கிறேன். நீ கேட்கவில்லை என்று எரிந்தேன், கேட்டிருக்கிறாய் என்று தெரிந்ததும் இன்னும் கூடுதலாக எரிகிறது. அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கொஞ்சம் அழுதேன்.

துண்டுகளைத் தபாலில் அனுப்ப மாட்டேன். முனியாண்டியிடமும் கொடுக்க மாட்டேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே லீவு போட்டதாக நினைத்துக்கொண்டு கடையைப் பூட்டிவிட்டு வா. ஜன்னலோரம் மெஷினை நகர்த்தி உனக்குப் பாய் போடுகிறேன். நீ தைக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். சும்மா மேற்பார்வைக்கு என்று உன் அப்பாவிடம் சொல்லிக்கொள்வேன். உன் விரல் எங்கே மடங்குகிறது, நூலை எந்தப் பக்கம் இழுக்கிறாய் என்று பார்க்கத்தான் உட்காருகிறேன் என்பது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். என்னைத் திட்ட வேண்டுமென்றால் வந்த முதல் நாளே திட்டி முடித்துவிடு. அன்றைக்கு ஒரு நாள் பதில் பேசாமல் இருக்க என்னால் முடியும்.

மணவறையில் கேட்பார்கள். உன் தோழிகளோ, சம்பந்தியம்மாள் வீட்டுப் பெண்களோ, யாராவது குனிந்து, ரவிக்கை யார் தைத்தது என்று உன்னையே கேட்பார்கள். நீதான் தைத்தாய் என்று சொல், அந்தப் பின்னலைப் பார்த்த பிறகு வேறு எதைச் சொன்னாலும் எவளும் நம்ப மாட்டாள். ஆனால் அதோடு சேர்த்து, வெட்டியது அம்மா என்றும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. நம் தொழிலில் வெட்டுகிற கைக்குத்தானே மரியாதை. அதில் பொய்யும் இல்லை. ஏன் வெட்டினாள் என்று எவளும் கேட்கப் போவதில்லை.